ஒரு சொட்டுச் சலுகை

எங்கள் பட்டறையில் அவளுக்குக் கலரக்கா என்று பெயர். வைத்தவன் நான்தான். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், சும்மா இருக்க மாட்டாமல் கிண்டலாக வைத்தேன். நம் பேச்சில் 'கலர்' என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் இல்லை. 'பொண்ணு நல்ல கலர்' என்றால் பொண்ணு சிவப்பு. சிவப்பு என்றால் வெளுப்பு. கறுப்பாக இருப்பவர்களுக்கு நிறமே கிடையாது என்பதுபோல ஒரு பேச்சு. அட்டைக்கரியாக ஒருத்தி வந்து கலர் கலக்கும் மேஜையில் உட்கார்ந்தால் என் வாய் சும்மா இருக்குமா? இத்தனைக்கும் அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். அக்கா என்பது எப்படியோ ஒட்டிக்கொண்டது.

அவள் கோபப்படவில்லை. "கலர்னு ஒருத்தராவது கூப்பிட்டீங்களே" என்று சிரித்தாள். அப்போது அது எனக்கு ஜோக்காகத்தான் கேட்டது.

எங்கள் பட்டறை ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கிறது. கை, விரல், காது, மூக்கு என்று எதை இழந்து வந்தாலும் சிலிக்கானில் செய்து மாட்டிவிடுவோம். நான் அச்சு எடுப்பவன். மாவுக்குள் கையை விடச் சொல்லி, ஆடாதே அசையாதே என்று அதட்டி, வரியும் ரேகையும் நகமும் அப்படியே பதியும்படி அச்சு வாங்குவது என் வேலை. அந்த அச்சுக்குள் ஊற்ற வேண்டிய சிலிக்கானை ஆளின் தோலுக்குப் பொருத்தமாகக் கலக்குவது கலரக்காவின் வேலை. நான் எவ்வளவு நுணுக்கமாக அச்சு எடுத்தாலும் கலர் தப்பினால் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான். ரேகையை யாரும் பார்க்கப்போவதில்லை, கலரைத்தான் பார்ப்பார்கள்.

காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் அவள் கலர் பார்ப்பாள். ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் சுவரில் ஒட்டுகிற வெள்ளை டைல்ஸ் ஒன்று. வந்தவர் கையை அதன்மேல் வைக்க வேண்டும். கம்பெனி அனுப்பிய நிற அட்டைகளைத் தோலோடு வைத்து ஒத்துப் பார்ப்பாள். பழுப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்கி, ஒரு துளியைத் தோலின்மேல் பொட்டாக வைப்பாள். பொட்டு தெரிந்தால் கலர் தப்பு, பொட்டு காணாமல் போனால் கலர் சரி. எவ்வளவு கறுப்பான ஆள் வந்தாலும் கறுப்புச் சாயம் மட்டும் போடமாட்டாள். "அதைப் போட்டா பொணத்தோட கை மாதிரி ஆயிடும். உயிருள்ள தோல்ல கறுப்பு கெடையாது" என்பாள். எங்கள் கறுப்புப் பாட்டில் மூடி திறக்காமலே காய்ந்து கட்டியாகிவிட்டது.

இங்கே ஒரு கோளாறு உண்டு. வெளுப்பிலிருந்து கறுப்புவரை அட்டைகள் மொத்தம் பதினெட்டு. முதல் பத்து, டிவியில் மட்டுமே நாங்கள் பார்க்கிற ஜனங்களுக்கு. மிச்சம் எட்டுக்குள் நாங்கள் எல்லோரும் அடங்க வேண்டும். பதினெட்டோடு பெட்டி முடிந்துவிடும். அதற்கும் மேலே போகிற தோலுக்கு? பதினெட்டையே போட்டுவிடுவது எங்கள் வழக்கம். பொட்டு வைத்தால் தெரியத்தான் செய்யும், ஆனால் யாரும் குறை சொன்னதில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

போகாமல் என்ன செய்வார்கள்? எங்கள் காத்திருப்பு அறையில் ஒரு டிவி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மந்தமான நாளில் நான் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் பதினான்கு முறை, ஒரு பெண் ஏதோ களிம்பைப் பூசி, ஏழே நாளில் வெளுத்து, எட்டாம் நாள் வேலை வாங்கிவிட்டாள். பதினான்கு முறை அதைப் பார்த்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "கொஞ்சம் கலரா போடுவீங்களா?" என்பதுதான். கை போன துக்கத்திலும் இந்தக் கேள்வி வந்துவிடும்.

கேட்காதவர்களுக்கும் கலரக்கா தன் பங்குக்கு ஒன்று செய்வாள். பதினெட்டாம் அட்டையைவிடக் கறுப்பான ஆட்கள் வந்தால் கலவையில் ஒரு சொட்டு வெள்ளை கூடுதலாக விடுவாள். "இது என் சலுகை. பாவம், நம்ம ஆளுங்க. ஒரு கையாவது கலரா இருக்கட்டும்" என்பாள். நானும் அதை நல்ல மனசு என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மனசு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அவளுடைய அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சும்போதே, "எங்கேர்ந்துதான் இந்தக் கலர் வந்துச்சோ" என்று ஒரு பெருமூச்சு விடுவாளாம். கொஞ்சலும் பெருமூச்சும் சேர்ந்தே வரும். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தவன், "பாப்பா, நீ மட்டும் பல்லைக் காட்டும்மா, இல்லன்னா விழ மாட்டே" என்றானாம். 'கரண்ட் போனா கொஞ்சம் சிரிங்க' என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, கரண்ட் போனபோதெல்லாம். அதை நினைத்தால் இப்போது எனக்கு என் வாய்மேலேயே கோபம் வருகிறது.

இங்கே வருவதற்கு முன் எட்டு வருஷம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் வேலை பார்த்தாள். படத்தில் முகத்தை வெளுப்பாக்குவதற்கு அங்கே 'முகத்தைத் தூக்குவது' என்று பெயர். யார் படம் வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இரண்டு புள்ளி தூக்கிவிட வேண்டும். தன் கல்யாண ஆல்பத்தையும் அவளே உட்கார்ந்து தூக்கினாள். தூக்கிய தூக்கில், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பொண்ணு எங்கே என்று கேட்டார்கள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக், நல்ல மனுஷன். ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் வேற யாரையோ கட்டியிருக்கேன் போலிருக்கே" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் இரண்டு நாள் பேசவில்லை. ஆல்பம் பீரோவுக்கு மேலே போனது, இன்னும் இறங்கவில்லை.

அவளைப் பெண் கேட்டபோது மாமியார் சொன்ன வார்த்தை, 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.' எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். கலரக்காவுக்கு அதில் கறுப்பும் பிரச்சினை இல்லை, களையும் பிரச்சினை இல்லை. "நடுவுல ஒரு 'இருந்தாலும்' இருக்கு பாருங்க, அதுதான் முள்ளு" என்பாள். அவள் சட்டை எப்போதும் முழுக்கை. கோடையிலும் மணிக்கட்டுவரை பட்டன் போட்டிருப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் போன வருஷம் டிக்கெட்டம்மா வந்தாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள், முப்பத்தைந்து வயதிருக்கும். பஸ் கவிழ்ந்து இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. எட்டு மாசமாக அந்தக் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டே இருந்தவள். என்னிடம் அச்சுக்கு வலது கையைக் கொடுத்தபோதுகூட இடது கையின் துண்டை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை; துண்டுக்குள்ளேயே கையை விட்டு மணிக்கட்டின் அளவை எடுத்துக்கொண்டு, வலது கையின் அச்சைப் பார்த்து இடது கையாகத் திருப்பிச் செய்தேன். நிறம் கலரக்காவின் நிறமேதான். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது யார் கை எது என்று நான் ஒரு நிமிஷம் தடுமாறினேன். பெட்டியில் அட்டை இல்லாத நிறம்.

அவள் 'கலரா போடுங்க' என்று கேட்கவில்லை. அவளோடு வந்திருந்த அம்மா கேட்டாள். கேட்காவிட்டாலும் கலரக்கா தன் சலுகையைப் போட்டிருப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை கையைக் கொடுத்து அனுப்பினோம். நல்ல வேலை, நானே சொல்லிக்கொள்கிறேன், நகக்கண்ணில் இருந்த சின்ன வெடிப்புகூட விழுந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், கலர் பார்க்கும் நேரம் முடிந்த பிறகு, தனியாகத் திரும்பி வந்தாள். சாப்பாட்டுப் பையைத் திறந்து கையை எடுத்து டைல்ஸ்மேல் வைத்தாள்.

"இதைத் திருப்பி எடுத்துக்குங்க."

"ஏம்மா, இறுக்குதா? ஓரம் குத்துதா?" என்றாள் கலரக்கா.

"இல்ல, சரியாத்தான் இருக்கு. எங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "என் கையைவிட."

பிறகு மெதுவாகச் சொன்னாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கையைக் கழற்றி மேஜைமேல் வைத்திருக்கிறாள். அம்மா அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். தடவிக் கொடுத்திருக்கிறாள். 'எவ்வளவு அழகா இருக்கு பாரு. மத்ததும் இதே மாதிரி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்' என்றாளாம். 'மத்தது' என்றால் மீதி உடம்பு முழுவதும்.

கலரக்கா தட்டுத்தடுமாறி, "கொஞ்சம் தூக்கலாத்தான் போட்டேம்மா. உங்களுக்குன்னு இல்ல, நம்மள மாதிரி இருக்கிற எல்லாருக்கும் ஒரு சொட்டு சலுகை போடுவேன். கேக்காமலே போடுவேன்" என்றாள்.

"சலுகையா?"

"ஆமாம்மா."

டிக்கெட்டம்மா கோபமாகப் பேசவில்லை. கவுன்ட்டரில் ஆளுக்கு ஆள் விளக்கம் சொல்லிப் பழகிய குரலில் பேசினாள். "நான் தினமும் சலுகை டிக்கெட் குடுக்கிறவங்க. அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு. இந்த ஆளுக்கு என்ன குறைன்னு அதுல எழுதணும். எழுதலைன்னா சலுகை கெடையாது. நீங்க என் கட்டத்துல என்ன எழுதினீங்க?"

கலரக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க கைக்குச் செஞ்சிருந்தா? அப்பவும் அந்தச் சொட்டைப் போட்டிருப்பீங்களா?"

கலரக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "ரெண்டு சொட்டு போட்டிருப்பேன்" என்றாள்.

அந்தப் பதிலுக்கு டிக்கெட்டம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள் என்று நினைக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை எனக்கு டூட்டி. லீவு அதோட முடியுது. கவுன்ட்டர்ல கண்ணாடிக்குக் கீழ ஒரு சந்து இருக்கும். ஜனங்களுக்கு என் முகம்கூடச் சரியா தெரியாது, ரெண்டு கையும்தான் தெரியும், பளிச்சுன்னு டியூப் லைட்டு வேற. இப்படி ஒண்ணு அப்படி ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு என்னால உக்கார முடியாதுக்கா. முடியலன்னா உள்ள ஃபைல் அடுக்குற ரூமுக்கு மாத்திடுவாங்க. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல. எனக்குக் கவுன்ட்டர்தான் வேணும். என் கை வேணும்."

வியாழன் போனால் வெள்ளி, சனி. இரண்டே நாள். வெள்ளிக்கிழமை அவள் அலுவலக டாக்டரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கப் போயாக வேண்டும், எங்களிடம் வந்து உட்கார முடியாது. எங்கள் சீஃப் வந்து கையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு. இருபது வருஷத்துல இப்படி ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லையே" என்றார். "அதான் சார் தப்பு" என்றாள் கலரக்கா. அவரிடம் அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சீஃப் என்னைப் பார்த்தார், நான் மாவைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கலரக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அட்டைப்பெட்டியைத் தள்ளி வைத்தாள். இடது கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி முழங்கைவரை சுருட்டினாள். தன் கையை எடுத்து வெள்ளை டைல்ஸ்மேல் வைத்தாள். இருபது வருஷத்தில் அந்த டைல்ஸ்மேல் எத்தனை ஆயிரம் கைகளை வைத்துப் பார்த்திருப்பாள். தன் கையை வைத்ததில்லை.

முதல் கலவையைப் பொட்டு வைத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்பு வைத்தாற்போலத் தெரிந்தது.

"வெளுப்பு" என்றேன்.

இரண்டாவது வைத்தாள். "இன்னும் வெளுப்பு."

மூன்றாவது. "வெளுப்புதான்க்கா."

"உங்களுக்கு என்ன கண்ணு தெரியலையா? இது சரியாத்தான் இருக்கு" என்று எரிந்து விழுந்தாள். நான் சுவர்க் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வந்து கைக்குப் பக்கத்தில் பிடித்தேன். கண்ணாடிக்குள் அந்தப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. வெள்ளைப் பாட்டிலை அவள் தொடவே இல்லை, ஆனாலும் பழுப்பைப் போட வேண்டிய இடத்தில் கை தானாகப் பின்வாங்கிக்கொண்டது. எட்டு வருஷம் தூக்கிப் பழகிய கை, இருபது வருஷம் சலுகை கொடுத்துப் பழகிய கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், பார்க்கிற பழக்கமும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஐந்தாவது பொட்டோடு கிண்ணத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு என் கலரே தெரியலைங்க" என்றாள். கண் நிறைந்திருந்தது. "யாரோட தோலை வேணா பார்த்துச் சொல்லிடுவேன். இதை நான் பார்த்ததே இல்ல."

இதில் எனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது. "அக்கா, நான் உங்களை நெறையக் கிண்டல் பண்ணியிருக்கேன். கரண்ட் போனப்பல்லாம். அது தப்பு" என்றேன். இருபது வருஷம் கழித்து வந்த மன்னிப்பு.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "பெரிய ஜோக்குன்னு நெனப்பு. சிரிப்பே வராது. உங்க மனசு நோகக் கூடாதேன்னு சிரிச்சேன்" என்றாள். அதுவும் சலுகைதான் போலிருக்கிறது. பிறகு கிண்ணத்தைத் துடைத்துப் புதிதாக ஆரம்பித்தாள்.

மணி பதினொன்றரை. பழுப்பை இந்தத் தடவை யோசிக்காமல் விட்டாள். சிவப்பு இரண்டு. மஞ்சள் ஒன்று. கொஞ்சம் பார்த்துவிட்டு நீலம் ஒன்று, இன்னும் ஒன்று. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்தாம் நம்பர் அட்டைக்குத் தேவைப்படாத இத்தனை நிறங்கள் இந்தக் கைக்குத் தேவைப்பட்டன. கலக்கிப் பொட்டு வைத்துவிட்டு, குச்சியைக் கீழே வைக்கக் குனிந்தாள். நிமிர்ந்து கையைப் பார்த்தவள், எங்கே வைத்தோம் என்று தேடினாள். விரலால் தடவித் தடவித்தான் ஈரம் தட்டுப்பட்டது.

"இங்கதான் இருக்கு" என்றாள், தனக்குத்தானே. அப்புறம் ரொம்ப நேரம் கையை டைல்ஸிலிருந்து எடுக்கவே இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பி என் வேலையைப் பார்த்தேன். கலவைக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், தலைப்பு எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்து யோசித்துவிட்டு 'பத்தொன்பது' என்று எழுதினாள். சாயங்காலம் அச்சுக்குள் ஊற்றி, இறுகுவதற்கு அடுப்பில் வைத்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் டிக்கெட்டம்மா அம்மாவோடு வந்தாள். கலரக்கா கையை மாட்டிவிட்டு, சேரும் விளிம்பின்மேல் வாட்ச்சைக் கட்டினாள். டிக்கெட்டம்மா இரண்டு கையையும் டைல்ஸ்மேல் வைத்துப் பார்த்தாள். என் மேஜையில் கிடந்த காகிதக் கட்டு ஒன்றை இடது கையால் அழுத்திக்கொண்டு, வலது கையால் ஒரு தாளை உருவிச் சந்துக்குள் தள்ளுவதுபோல என் பக்கம் தள்ளினாள். இன்னொன்று. இன்னொன்று. ஏழெட்டு டிக்கெட் கொடுத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துப் பைக்குள் போட்டாள்.

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "முன்னாடி குடுத்ததே நல்லா இருந்துச்சே. எவ்வளவு கலரா இருந்துச்சு" என்றாள். அந்த அம்மாளும் அதே நிறம்தான், மகளைவிட ஒரு பங்கு கூட என்றே சொல்லலாம்.

"அது தப்பா போட்டதும்மா" என்றாள் கலரக்கா. "தப்பு என்னோடது."

அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பு அறைக்குப் போய் டிவிக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்படைப்புத் தாளில் சீஃப் கையெழுத்துப் போடுவதற்காக டிக்கெட்டம்மாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்துத் தாளை எடுத்துக்கொண்டு நானும் கலரக்காவும் போனோம். வாசலிலேயே கலரக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

டிவியில் அந்தப் பெண் ஏழாவது நாளில் வெளுத்துக்கொண்டிருந்தாள். அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கதோஷத்தில் மகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இடது கை. கட்டைவிரலால் அதன் புறங்கையை நீவிக்கொண்டிருந்தவள், என்னவோ தோன்றிக் குனிந்து அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு அதைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டாள்.

"கை ஏன்டி இப்படிச் சில்லுன்னு இருக்கு? திங்கக்கிழமையை நெனச்சுப் பயப்படுறியா?"

டிக்கெட்டம்மா வாசலில் நின்ற எங்களைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணால் கேட்டாள். கலரக்கா வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"ஆமாம்மா, கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள் அம்மாவிடம். "நல்லா தேய்ச்சு விடு."